கையெழுத்துக்குக் கீழே ஒரு திகதி

— அந்த மேகத்த இன்னும் கொஞ்சம் கீழ இறக்கும், தம்பி மூசா. நெத்தியில முட்டுது.

— இதுக்கு மேல இறக்கினா உங்க மூக்கு மறைஞ்சிடும், கனகசபை அங்கிள். அப்பறம் இது யார் படம்னு கேப்பாங்க.

— மறையட்டும். கவிஞன் எண்டா பாதி தெரியோணும், பாதி தெரியக் கூடாது. கனவு மாதிரி.

— பாஸ்போர்ட் படத்த குடுத்துட்டு கனவு கேக்குறீங்களே! ரெண்டு காதும் தெரியணும்னு இமிகிரேஷனுக்காக நானே எடுத்த படம் இது.

— காதை மேகத்துக்குள்ள விடும். கிள்ளான் சிவசம்புவின்ர படத்தில நிலவு அசையுது, தெரியுமோ? அன்னம் நீந்துது. பேர் மினுங்குது.

— யாரு அவரு, சினிமாக்காரரா?

— ரிட்டயர்ட் வாத்தி. இன்டர்நெட்டில செவ்வானத் தமிழ் மன்றம் எண்டு ஒண்டு நடத்திறார். நாங்கள் கவிதை எழுதிப் போடுவம், அவர் நல்லது கெட்டது சொல்லுவார். 'நன்று' எண்டு ஒரு சொல்லு எழுதினாலும், அதுக்குக் கீழ அந்தக் கையெழுத்துப் படம் தானா வந்து நிக்கும். ஆக்கள் கவிதையை வாசிக்கிறேல்ல. அன்னத்தைப் பாத்திட்டு 'அருமை அருமை' எண்டு எழுதீட்டுப் போயினம்.

— உங்களுக்கு எழுத மாட்டாங்களா?

— ரெண்டு வருசம், தம்பி. நூற்றித் தொண்ணூறு கவிதை. ஒரே ஒரு பதில் வந்தது.

— பரவால்லையே. என்னன்னு?

— 'உங்கள் எழுத்துரு என் கணினியில் தெரியவில்லை' எண்டு.

— அலாமாக்!

— சிரியாதையும். வருசா வருசம் பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்து தொகுப்பு அடிக்கிறார் சிவசம்பு. ரெண்டு தரமும் என்னை விட்டுட்டார். இந்த மாசம் மூண்டாவது. என்ர பேரில ஒரு புத்தகம், அதுவும் வேண்டாம், ஒரு பக்கம்... அதைக் கண்ணால பாக்காமக் கண்ணை மூடினன் எண்டா என்ர கட்டை வேகாது. தாமரை எங்க? தாமரை வேணும் எண்டனான்.

— பொறுங்க, இந்த ஃபோல்டர்ல இருக்கு. ம்... இந்தா. தங்கரத்தினம் ஆன்டியோட தாமரை.

— ஆர், ஸ்கொட் ரோட்டுத் தங்கரத்தினமோ?

— ஆமா, போன வருசம் தவறினாங்களே. உங்க சிலோன் ஆளுங்க முப்பத்தொண்ணாம் நாள் பாட்டுப் புத்தகம் அடிச்சு எல்லாருக்கும் குடுப்பீங்கல்ல? அதுக்கு அட்டை நான்தான் செஞ்சேன்.

— கல்வெட்டு எண்டு சொல்லுறது. அட்டை நீர், உள்ளுக்க பாட்டு முழுக்க நான்! இருபத்தேழு கல்வெட்டு எழுதியிருக்கிறன், தம்பி. செத்தவற்ர பேர் இருக்கும், பிள்ளையளின்ர பேர் இருக்கும், அச்சகத்தின்ர பேரும் இருக்கும். என்ர பேர் ஒரு மூலையிலயும் இராது. சரி, மேகம் ஆற்றை?

— மேகம் கந்தையா அங்கிளோடது. ஓரத்துல நிக்கிற அந்தக் குத்துவிளக்கு, பேப்பர்ல நினைவு நாள் விளம்பரம் குடுப்பாங்களே, அதுக்கு செஞ்சது. கலியாண ஆல்பம் போக இதான் அங்கிள் நம்ம கடை வேலை. கனவுன்னு கேட்டா என்கிட்ட இந்தக் கனவுதான் இருக்கு. ஆனா ஒண்ணு, பாக்கிறவங்க வேற மாதிரி நெனச்சிடப் போறாங்க.

— விசர்க்கதை கதையாதையும். பேப்பரில வாறது கறுப்பு வெள்ளை. இது நீலமும் ரோசும். கலரில ஆரும் சாகிறேல்ல.

— சரி லா, உங்க இஷ்டம். ஓரத்த மங்கலாக்கிட்டேன், கன்னத்துல கொஞ்சம் வெளிச்சம் அடிச்சுட்டேன். அங்கிள்! சத்தியமா சொல்றேன், பத்து வயசு குறைஞ்சிட்டீங்க. பேர் போட்டுடவா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை, நான் ஜும்மாவுக்குப் போகணும்.

— 'கவிஞர் க. கனகசபை' எண்டு வளைச்சு எழுதும். அதுக்குக் கீழ வலப் பக்கத்தில திகதி போடும். இண்டைக்கு மூண்டு, ஒன்பது, தொண்ணூற்றொன்பது.

— தேதி எதுக்கு?

— இது கையெழுத்தோ இல்லையோ? ரயில்வே ஒஃபீசில முப்பத்து நாலு வருசம் சீஃப் கிளார்க்கா இருந்தனான். திகதி இல்லாத கையெழுத்தை என்ர மேசையில வைக்க விட்டதில்லை. ஜெனரல் மனேஜரையே திருப்பி அனுப்பினனான்.

— வலது பக்கம் மட்டும் போட்டா ஒரு பக்கமா சாயுது அங்கிள்.

— அப்ப இடப் பக்கம் என்ர பிறந்த திகதியைப் போடும். இரண்டு, எட்டு, முப்பத்தொன்பது. சிவசம்பு என்னை விட ஏழு மாசம் இளமை. மன்றத்தில என்னைத் 'தம்பி' எண்டு எழுதுறான். தெரியட்டும் ஆர் மூத்தது எண்டு.

— ஆங்... இப்பத்தான் படம் முழுசான மாதிரி இருக்கு! கை தானா போகுது பாருங்களேன்.

— அற்புதம். அற்புதமடாப்பா! இப்பவே மன்றத்தில ஏத்தும். நான் பின்னேரம் மனிசியோட செமினிக்கு மகள் வீட்ட போறன், நாலு நாள். அங்க கம்ப்யூட்டர் இல்ல. திரும்பி வந்து பாக்கிறன், ஒருத்தராவது ஒரு வரி எழுதியிருக்கினமோ எண்டு.

*

— கதவைச் சாத்தும், தம்பி! 'மூடியுள்ளது' பலகையைத் திருப்பி விடும்.

— என்ன அங்கிள் இது? தொப்பி, கறுப்புக் கண்ணாடி... செமினில கண்ணுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?

— நான் செத்துப் போனன்.

— உக்காருங்க. தண்ணி குடிங்க.

— தண்ணி வேண்டாம். உம்மட கம்ப்யூட்டரில மன்றத்தைத் திறவும். நேற்றுப் பின்னேரம் வீட்ட வந்து திறந்து பாத்தனான். ராத்திரி முழுக்கக் கண் மூடேல்ல.

— இருங்க, லைன் கிடைக்கட்டும்... வந்திடுச்சு. 'கண்ணீர் அஞ்சலி.' யாருக்கு? அல்லாவே! உங்க படம்! நான் செஞ்ச படம்! நூத்திப் பதினெட்டுப் பேர் எழுதிருக்காங்க!

— இப்ப நூற்றிப் பதினெட்டோ? காலமை நூற்றிப் பதினாறு.

— மேகம், விளக்கு, தாமரை, ரெண்டு தேதி... வீட்டுக்காரங்க போட்டாங்கன்னு நெனச்சிருக்காங்க. நீங்களும் நாலு நாள் ஒண்ணும் எழுதல. அங்கிள், மன்னிச்சிருங்க, வருசக்கணக்கா செஞ்ச பழக்கம், கை பாட்டுக்குப் போயிடுச்சு!

— சிவசம்பு என்ர வீட்டுக்கே வந்திருக்கிறார். வீடு பூட்டு. அதையும் எழுதியிருக்கிறார், 'பூட்டிய கதவின் முன் நின்று அழுதேன்' எண்டு.

— பிரிக்பீல்ட்ஸ் முழுக்க நடந்து திரியிறீங்க, கம்ப்யூட்டர்ல மட்டும் செத்துட்டீங்களே! சரி, ரெண்டே வரி. 'நான் உயிரோட இருக்கேன், படக்கடைக்காரன் முட்டாள்'னு எழுதுங்க. நானே அடிச்சுத் தரேன்.

— பொறும். அந்தரப்படாதையும். முதல்ல ரெண்டு மூண்டு வாசியும். சத்தமா.

— 'தமிழ்க்கடல் வற்றியது.' 'இனி நிலவைப் பாட யார் உளர்?' 'அன்னாரின் கவிதைகளை நாள்தோறும் படித்துப் படித்துக் கண்கலங்கியவன் நான்...'

— பாத்தீரோ! இந்தப் பெடியன்தான் எழுத்துரு தெரியேல்ல எண்டவன்!

— 'என் உயிரினும் இனிய அண்ணன் கனகசபை...' இது சிவசம்பு.

— அண்ணன்! ஒத்துக்கொண்டான் பாரும்! திகதி வேலை செய்திருக்கு. அடுத்த வரி வாசியும். அடுத்த வரிதான் முக்கியம்.

— 'அண்ணனின் முப்பத்தோராம் நாளான அக்டோபர் மூன்று ஞாயிறன்று, கிள்ளானில், கவிஞர் கனகசபை நினைவு மலர் வெளியிடப்படும். அறுபத்து நான்கு பக்கங்கள்.' அங்கிள்... அங்கிள், அழுறீங்களா?

— அறுபத்து நாலு பக்கம், தம்பி. நான் ஒரு பக்கம் கேட்டனான்.

— ஓ... அதான் கதவ சாத்தச் சொன்னீங்களா! வேணாம் அங்கிள், இது பெரிய சூசா, வம்புல மாட்டிக்குவோம். பொய் லா.

— நான் எங்க பொய் சொன்னன்? நான் ஒண்டும் சொல்லேல்ல. செத்தவன் பேசாமத்தானே இருக்கோணும்? புத்தகம் அச்சடிச்சுக் கைக்கு வரட்டும், அடுத்த நாளே உயிரோட வாறன். அச்சான புத்தகத்தை ஆரும் திரும்ப வெள்ளைத் தாளாக்கேலாது.

— அந்த ஆளு போன் பண்ணி செக் பண்ணினா?

— பண்ணீட்டார். இண்டைக்குக் காலமை.

— யாரு எடுத்தா?

— நான்தான். பதறிப் போய், 'நான் அவற்ர தம்பி, சிரம்பானில இருந்து வந்தனான்' எண்டு சொல்லிப்போட்டன். குரலைக் கொஞ்சம் கட்டையாக்கி. 'அதே குரல், அதே குரல்' எண்டு அந்த மனுசன் விம்மினது. எனக்கே என்னில பாவமாப் போச்சு.

— ஆன்டிக்கு?

— குணேஸ்வரிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அவ என்ர கவிதை ஒண்டையும் வாசிக்கிறேல்ல, கம்ப்யூட்டர்ப் பக்கம் வாறேல்ல. ஆனா இப்ப ஒரு சிக்கல். மலரின்ர முதல் பக்கத்துக்கு மனைவி நாலு வரி எழுதித் தரோணுமாம். இல்லாட்டி முதல் பக்கத்தில அவர் தன்ர கவிதையைப் போடுவாராம். விடுவனோ? டைப் பண்ணும், சொல்லுறன். 'நிலவே, என் நெஞ்சில் பூத்த நித்திலமே, தாமரை இதழ் விரிய...'

— ஆன்டி இப்படிப் பேசுவாங்களா?

— கவிதை எண்டா அப்பிடித்தான்.

— அங்கிள், போன தடவ படம் எடுக்க வந்தப்ப அவங்க என்கிட்ட மூணே மூணு வார்த்த பேசினாங்க. 'கெதியா எடும் தம்பி.' அவங்க நிலா, நித்திலம்னா சிவசம்பு நம்புவாரா? ஆன்டி வீட்ல என்ன செய்வாங்க, அத சொல்லுங்க.

— என்ன செய்வா... ஆறு மணி ரயில் போற சத்தம் கேட்டா தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பா. நான் ஒஃபீசால வந்து சேரச் சரியா இருக்கும். பென்ஷன் எடுத்து அஞ்சு வருசமாகியும் அந்த ரயிலுக்குத்தான் வைக்கிறா.

— சரி, அதயே சொல்லுங்க.

— வாசல் கேற்றைத் திறந்து விட்டிட்டு அதிலயே நிப்பா. 'நாய் உள்ளுக்க வரப்போகுது' எண்டு நான் ஒவ்வொரு நாளும் ஏசுவன்... பொறும். பொறும் தம்பி. டைப் பண்ணும்.

'ஆறு மணி ரயில் போனது.
தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன்.
கொதித்து, வற்றி, அடிப்பிடித்தது.
கேற்றைத் திறந்தே வைத்திருக்கிறேன்.
நாய் வரும் என்று ஏசுவீர்கள்.
ஏசுவதற்காவது
வாருங்கள்.'

— இன்னொரு தடவ மெதுவா சொல்லுங்க அங்கிள்.

— ஏன்? நல்லா இல்லையோ? சந்தமும் இல்ல, எதுகையும் இல்ல, எனக்கும் தெரியுது. என்ன செய்யிறது, அவ படிக்காதவ மாதிரி இருக்கோணுமே. கீழ 'குணேஸ்வரி கனகசபை' எண்டு போட்டு அனுப்பும்.

*

— கொண்டு வந்தனீரோ? எங்க? எங்க தம்பி, புத்தகம் எங்க?

— மூச்சு விடுங்க அங்கிள். நேத்து நான் கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளான் போய், கடைசி வரிசைல உக்காந்து, முழுக் கூட்டத்தையும் கேட்டேன். உங்களப் பத்தி ஒருத்தர் கூட தப்பா பேசல. ஆனா புத்தகத்த...

— தாரும் இங்க! ஆகா... அட்டையப் பாரும். என்ர பேர், எவ்வளவு பெரிசா! உம்மட மேகம்தான். வாசனையைப் பாரும் தம்பி, அச்சு வாசனை. அறுபது வயசில... சரி, என்ர கவிதை எத்தினையாம் பக்கம்?

— உக்காந்து பாருங்க அங்கிள்.

— இது சிவசம்புவின்ர முன்னுரை. இது அஞ்சலிக் கவிதை. இதுவும் அஞ்சலி. இது எழுத்துருப் பெடியன்ர. இதுக்குள்ளயும் அன்னம் நீந்துது. ஐம்பது... ஐம்பத்தெட்டு... அறுபத்து நாலு. தம்பி, பக்கம் ஒண்டும் விடுபடேல்லையே?

— இல்ல அங்கிள். நானும் நேத்து மூணு தடவ புரட்டினேன். கடைசி அட்டைக்கு உள்பக்கம் சின்ன எழுத்துல இருக்கு பாருங்க.

— 'இடமின்மை காரணமாகக் கவிஞர் கனகசபையின் கவிதைகள் இம்மலரில் இடம்பெறவில்லை.' என்ர மலர். என்ர சாவு. எனக்கு இடமில்லை!

— முன்னுரையயும் படிச்சிடுங்க. நான் சொல்லாம நீங்க வேற எங்கயாச்சும் பாத்தா இன்னும் கஷ்டம்.

— 'அண்ணன் அறுபது ஆண்டுகள் வாழ்ந்து எழுத முடியாததை, அவர் துணைவியார் குணேஸ்வரி அம்மையார் ஏழே வரிகளில் எழுதிவிட்டார். இக்கவிதையைப் படித்துத் தேர்வுக்குழுவினர் அழுதோம். கவிதை அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறது. இத்தனை நாள் தவறான ஆள் எழுதிக்கொண்டிருந்தார்.' தவறான ஆளோ! டேய் சிவசம்பு! அந்தத் தவறான ஆள்தானடா இதையும் எழுதினது!

— கூட்டத்துல அத மூணு தடவ வாசிச்சாங்க அங்கிள். எனக்குப் பக்கத்துல இருந்த லோரி டிரைவர் ஒருத்தர் கண்ணத் துடைச்சிக்கிட்டே இருந்தாரு. போர்ட் கிள்ளான்ல ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வந்தாராம். நல்ல கவிதை அங்கிள். உங்களது.

— இப்பவே மன்றத்தைத் திறவும். எழுதப்போறன். நான் சாகேல்ல, அது என்ர கவிதை, எல்லாத்தையும் எழுதப்போறன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். தம்பி, ஆரோ கதவைத் தட்டுகினம். கடை பூட்டு எண்டு சொல்லும்.

— ஆன்டி!

— விலகும் தம்பி. அவர் இஞ்சதான் இருப்பார் எண்டு எனக்குத் தெரியும். கடைக் கதவு பகல்ல பூட்டியிருந்தா வேற என்ன.

— குணேஸ்... நீ என்ன இந்த வெயிலுக்க...

— காலமை நீங்கள் வெளிக்கிட்ட கையோட ஒருத்தர் வந்தவர். வெள்ளை வேட்டி, கையில பத்துப் புத்தகம். என்னைக் கண்டதும் கையைக் கூப்பிக்கொண்டு அழத் தொடங்கீட்டார். பேர் சிவசம்புவாம்.

— ஐயோ! நீ என்ன சொன்னனீ?

— என்னத்தைச் சொல்லுறது? புத்தகத்தை வாங்கினன். அட்டையில உங்கட முகம், மேகத்துக்குள்ள. நான் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன். காலமை புட்டும் சம்பலும் திண்டிட்டுப் போன மனுசன்!

— ஆன்டி, தப்பு என்னோடது. மேகம், விளக்கு எல்லாம் நான்தான்...

— நீர் பேசாமல் இரும் தம்பி. அந்த மனுசன் என்ர நெத்திப் பொட்டையே பாத்துக்கொண்டிருந்தவர். பிறகு அவரே, 'அம்மையார் பழைய வழக்கங்களை உடைத்த புரட்சிப் பெண்' எண்டு சொல்லி இன்னும் கொஞ்சம் அழுதார். தேத்தண்ணி குடுத்து அனுப்பினன்.

— அப்ப நீ அவரிட்டச் சொல்லேல்லையோ, நான் இருக்கிறன் எண்டு?

— சொல்ல வாய் எடுத்தனான். அதுக்குள்ள முதல் பக்கத்தை விரிச்சுக் காட்டினார். வாசிச்சன்.

— அது... அது வந்து குணேஸ், உன்ர பேரில... அந்த மனுசன் கேட்டதால...

— முப்பத்திரண்டு வருசம் அந்தக் கேற்றடியில நிண்டனான். ஒரு நாளாவது நீங்கள் நிமிந்து பாத்ததில்லை. 'நாய் வருது, கேற்றைச் சாத்து' எண்டிட்டு உள்ள போவீங்கள். நான் நிண்டதை நீங்கள் கண்டனீங்கள் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.

— கண்டனான்.

— ஓம். இப்ப தெரியுது.

— கண்டனான் குணேஸ். எழுதோணும் எண்டு தோணேல்ல. கவிதை எண்டா நிலவு எண்டு நினைச்சிட்டன்.

— கண்ணைத் துடையுங்கோ. தம்பிக்கு முன்னால.

— நான் பாக்கல ஆன்டி. நான் இந்தப் பக்கம் திரும்பிட்டேன்.

— சரி, எப்பிடியும் இப்ப எழுதப்போறன். உயிரோட இருக்கிறன் எண்டும், எழுதினது நான் எண்டும்.

— எழுதுங்கோ. உயிரோட இருக்கிறன் எண்டு எழுதினால், ஏழு வரியும் பொய் எண்டு எல்லாரும் கிழிச்சுப் போடுவினம். ஏசக்கூட வராத மனுசனுக்காகத்தானே அத்தினை பேர் அழுதவை? கவிதை வேணுமெண்டா நீங்கள் செத்தே இருக்கோணும். நீங்கள் வேணுமெண்டா கவிதை சாகும். எது வேணும்? பாரும் தம்பி, சீஃப் கிளார்க் யோசிக்கிறார்.

— நூற்றித் தொண்ணூற்றொண்டில ஒண்டே ஒண்டுதான் குணேஸ் நல்லா வந்தது. அது இருக்கட்டும்.

— நானும் அப்பிடித்தான் நினைச்சன். அடுத்த மாசம் இன்னொண்டு தாறன் எண்டு அந்த மனுசனிட்டச் சொல்லிப்போட்டன். அடுத்த வருசத் தொகுப்பில முதல் இடமாம்.

— நீயோ? நீ என்னத்தை எழுதப் போறாய்?

— நான் ஏன் எழுதிறன்? வீட்டை வந்து, ஆறு மணிக்கு என்னோட கேற்றடியில நிண்டு பாத்திட்டு, நீங்கள் எழுதுங்கோ. தம்பி மூசா, அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியைப் போடும். மன்றத்தில பேர் பதியிறதுக்கு எனக்கும் ஒரு கையெழுத்துப் படம் வேணுமாம். மேகம் வேண்டாம், விளக்கு வேண்டாம். திகதி ஒண்டே ஒண்டு போதும்.